காவலா, குடியிருப்பா: பிரிஸ்ரென் லியெவிஷ்கா மாதா கோயிலின் மீட்பு குறித்த நிகழ்வு ஆய்வு

கொசோவோவின் தென்பகுதியில் உள்ள பிரிஸ்ரென் நகரத்தில், 2004 மார்ச் மாதத்தில் இரண்டே நாள்களில் எரிக்கப்பட்ட ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் லியெவிஷ்கா மாதா கோயில் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று. அது எரிந்த விதம், எரிந்த பின் கண்டறியப்பட்டவை, அதை மீட்க எடுக்கப்பட்ட முடிவுகள், அவற்றால் விளைந்தவை ஆகியவற்றை இந்த ஆய்வு வரிசையாகப் பதிவு செய்கிறது. அதே நாள்களில் அதே நகரத்துக்கு அருகில் எரிந்த ஒரு மடாலயத்தின் கதையும் இடையில் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாதா கோயிலில் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பது விளங்கும்.

பின்னணி

ஷார் மலைத்தொடரின் அடிவாரத்தில், பிஸ்திரித்சா ஆறு மலையிடுக்கை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் பிரிஸ்ரென் அமைந்திருக்கிறது. உச்சியில் கோட்டை, அதன் கீழே சரிவில் பொத்கல்யாயா என்ற பழைய செர்பியக் குடியிருப்பு, ஆற்றங்கரையில் சினான் பாஷா மசூதி, அங்கிருந்து சற்று நடந்தால் வீடுகளுக்கு நடுவே மாதா கோயில் என்று நகரம் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு சமயத்தாரின் மணியோசையும் இன்னொரு சமயத்தாரின் தொழுகை அழைப்பும் ஒரே தெருவில் கேட்ட ஊர் இது.

செர்பிய மன்னர் ஸ்தெபான் மிலுத்தின், இங்கே ஏற்கெனவே இருந்த ஒரு பைசாந்தியக் கோயிலின் எஞ்சிய சுவர்களை உள்ளடக்கி, 1306 முதல் 1307 வரையிலான காலத்தில் ஐந்து குவிமாடங்களுடன் இக்கோயிலை எழுப்பினார். தலைமைக் கொத்தனார் நிக்கோலா என்பதும் ஓவியர் அஸ்த்ராபாஸ் என்பதும் கோயிலிலேயே எழுதி வைக்கப்பட்டிருப்பதால் நமக்குத் தெரிகின்றன. இடைக்காலக் கட்டடம் ஒன்றில் கைவேலை செய்தவர்களின் பெயர் நிலைத்திருப்பது அரிது. கல்லும் செங்கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்ட வெளிச்சுவர், உள்ளே நுழைந்ததும் அரச உடையில் நிற்கும் மிலுத்தினின் பேருருவம், அதற்கும் முற்பட்ட 13ஆம் நூற்றாண்டு ஓவியங்களான கானாவூர்த் திருமணம், பார்வையற்றவரைக் குணமாக்குதல், கையில் கூடையுடன் இருக்கும் குழந்தை இயேசுவை ஏந்திய மாதா ஆகியவை இதன் செல்வங்கள். அந்தக் கூடையை வைத்தே அக்குழந்தை இயேசு ‘உணவளிப்பவர்’ என்று அழைக்கப்பட்டார்.

1455இல் நகரம் உஸ்மானியர் வசமானது. பின்னர் கோயில் மசூதியாக மாற்றப்பட்டு, மணிக்கோபுரத்தின் மேல் ஒரு மினார் எழுந்தது, ஓவியங்கள் சுண்ணாம்புக் காரையால் மூடப்பட்டன. வழுவழுப்பான சுவரில் புதுக் காரை பிடிக்காது என்பதால் முதலில் சுவரைக் கொத்திவிடுவது எந்த ஊர்க் கொத்தனாரும் அறிந்த வழிதான். இங்கே கொத்தப்பட்டது ஓவியம். 1912க்குப் பின் கோயில் மீண்டும் கிறித்தவ வழிபாட்டுக்கு வந்தது, 1923இல் மினார் அகற்றப்பட்டது, 1950களின் தொடக்கத்தில் காரை நீக்கப்பட்டு ஓவியங்கள் வெளிப்பட்டன. முகத்திலும் ஆடையிலும் விரல் நுனி அளவுள்ள நூற்றுக்கணக்கான குழிகளுடன்தான் அவை வெளிவந்தன. ஆனாலும் அந்தக் காரையே அவற்றைப் பல தலைமுறைகளின் புகையிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்தது என்பதை மறந்துவிடலாகாது.

நகரத்துக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் தொலைவில், பிஸ்திரித்சா மலையிடுக்கில் இருக்கும் தூய வானதூதர் மடாலயத்தின் கதை வேறு. பேரரசர் துஷான் தம் கல்லறைக்கோயிலாக 1343 முதல் 1352 வரை கட்டிய இது, உஸ்மானியர் காலத்தில் பாழடைந்து, இதன் கற்கள் சினான் பாஷா மசூதிக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அடித்தளமும் தாழ்ந்த சுவர்களும் மட்டுமே எஞ்சின. அந்த இடிபாடுகளுக்கு அருகில் 1990களில் துறவிகள் மீண்டும் குடியேறினர்.

செர்பியப் படைகளுக்கும் கொசோவோ அல்பேனியருக்கும் இடையே நடந்த 1998, 1999 ஆண்டுகளின் போரை விட்டுவிட்டு அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. அப்போரில் கொசோவோவின் மசூதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதப்படுத்தப்பட்டன. அல்பேனியரின் தேசிய நினைவிடமான பிரிஸ்ரென் கூட்டமைப்பின் கட்டடம் 1999 மார்ச்சில் செர்பியப் படைகளால் அழிக்கப்பட்டது. போர் முடிந்து நேட்டோ தலைமையிலான கேஃபோர் படை வந்தபோது, பழிக்கு அஞ்சிப் பிரிஸ்ரென் செர்பியர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு வெளியேறினர். பொத்கல்யாயாவின் சில வீடுகளிலும், 1871இல் தொடங்கப்பட்டு அப்போது அகதிகள் இல்லமாக மாறியிருந்த குருமடத்திலும் முதியோர் சிலர் மட்டுமே தங்கினர். மாதா கோயிலுக்கு அன்றாடம் விளக்கேற்ற ஆளில்லாத நிலை 2004க்கு முன்பே வந்துவிட்டது. இந்த ஒரு செய்தியைப் பின்னால் வரும் எல்லா முடிவுகளோடும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2004 மார்ச் 17, 18

மார்ச் 16 அன்று வடக்கே இபார் ஆற்றில் அல்பேனியச் சிறுவர் மூவர் மூழ்கி இறந்தனர். செர்பியர்கள் துரத்தியதால்தான் அவர்கள் ஆற்றில் விழுந்தனர் என்ற செய்தி அன்றிரவே பரவியது. அதற்குச் சான்று இல்லை என்று ஐ.நா. விசாரணை பின்னர் தெரிவித்தபோது காலம் கடந்துவிட்டது. மறுநாளே கொசோவோ முழுவதும் கலவரம் மூண்டது. இரண்டு நாள்களில் 19 பேர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்து வெளியேறினர்.

பிரிஸ்ரெனில் அல்பேனியக் கலவரக் கூட்டம் மாதா கோயில், பேராலயமான தூய ஜார்ஜ் கோயில், பொத்கல்யாயாவில் இருக்கும் 14ஆம் நூற்றாண்டின் மீட்பர் கோயில், ஆயர் இல்லம், குருமடம் என்று ஒவ்வொன்றாகத் தீ வைத்தது. பொத்கல்யாயா குடியிருப்பும் எரிந்தது. குருமடத்தில் தங்கியிருந்தவர்களுள் ஒருவர் தீயில் உயிரிழந்தார். மாதா கோயிலுக்குள் டயர்களைக் கொண்டுவந்து எரித்தனர், பலிபீடத்தை உடைத்தனர். வானதூதர் மடாலயத்தில் இருந்த துறவிகளைப் படையினர் பாதுகாப்பாக வெளியேற்றினர். அவர்கள் போன பின் துறவிகளின் இல்லங்கள் கொளுத்தப்பட்டன.

நகரத்தின் பாதுகாப்பைப் பொறுப்பேற்றிருந்த ஜெர்மன் படைப்பிரிவு கோயில்களைக் காக்கவில்லை. கலவரக் கூட்டத்தைக் கையாளும் கருவிகளோ பயிற்சியோ அவர்களிடம் இல்லை, அதற்கான ஆணைகளும் தெளிவாக இல்லை. துப்பாக்கியால் சுடுவது, விலகி நிற்பது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி அவர்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை. மனித உயிரைக் கட்டடத்துக்கு மேலாக வைத்த முடிவில் பிழை காண முடியாது. அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு வந்ததே, முந்தைய ஐந்து ஆண்டுகளில் நேர்ந்த தவறு.

தீக்குப் பின் கண்டவை

கட்டடம் விழவில்லை. தடித்த சுவர்களும் வளைவுகளும் குவிமாடங்களும் நின்றன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சேதம் குறைவாகவே தோன்றியிருக்கும். சேதத்தின் பெரும்பகுதி உள்ளே, சுவரின் மேல் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள காரையில் இருந்தது.

டயர் எரிந்த புகை விறகுப் புகையைப் போன்றதல்ல. அதன் கரி எண்ணெய்ப் பசையுள்ளது. தூரிகையால் தட்டினால் உதிராது, ஈரத்துணியால் துடைத்தால் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். 1950களில் வெளிப்பட்ட கொத்துக்குழிகளிலும் இந்தக் கரி படிந்தது. முன்பு காரை பிடிப்பதற்காக உண்டாக்கிய அதே குழிகள் இப்போது கரி பிடிக்கும் இடங்களாகின. ரப்பரை இறுக்கச் சேர்க்கும் கந்தகம் எரிந்து வெளியேறும்போது அமில வாயுவாகிறது. ஈரம் சேர்ந்தால் அது சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக மாற்றுகிறது. அந்த மாற்றம் தீ அணைந்த நாளோடு நிற்பதில்லை.

வெப்பம் வண்ணங்களையும் மாற்றும். மஞ்சள் காவி ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசில் நீரை இழந்து செங்காவியாகிவிடும். செம்பிலிருந்து கிடைக்கும் நீலக்கல் நிறம் கறுத்துவிடும். அப்படி மாறிய நிறத்தை எந்தச் சுத்திகரிப்பாலும் திருப்ப முடியாது. கரியை அகற்றலாம், சிவந்துபோன மஞ்சளை மீண்டும் மஞ்சளாக்க இயலாது. ஆகவே கறுத்த சுவரைப் பார்க்கும் ஓவியப் பாதுகாவலர் முதலில் கேட்க வேண்டியது, இது கரி படிந்த இடமா, வெந்த இடமா என்பதே. அதோடு, சூடேறி விரிந்த காரை குளிரும்போது சுவரை விட்டுப் பிரிந்து நிற்கும். மேற்பரப்பில் எதுவும் தெரியாது, விரல் மூட்டால் மெல்லத் தட்டினால் மட்டும் பொள்ளலான ஓசை கேட்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்புக் குழம்பு செலுத்தி ஒட்டவைக்காமல் மேலே துடைக்கத் தொடங்கினால், ஓவியம் தூரிகையோடு வந்துவிடும்.

கூடை ஏந்திய குழந்தையும் மாதாவும் இருக்கும் ஓவியம் தீயால் மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மசூதியாக இருந்த காலத்தில் சுவரில் எழுதப்பட்ட பாரசீகக் கவிதை வரி ஒன்றும் இக்கோயிலில் உண்டு. கண்ணின் பாவையைக் கூடாக உவமித்து அன்பரை வரவேற்கும் வரி அது. இக்கோயிலின் அழகில் மயங்கிய ஒருவர் எழுதியதாகவே நகரத்தார் இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். மீட்புப் பணி காக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்பதை இந்த ஆய்வு அழுத்திச் சொல்ல விரும்புகிறது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, யார் கட்டுவது என்பது. கொசோவோ அப்போது ஐ.நா. நிர்வாகத்தில் இருந்தது. கோயில்களின் உரிமை செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிடம் இருந்தது. பணம் கொசோவோவின் தற்காலிக அரசிடமிருந்து வந்தது. எரித்த தரப்பின் அரசே கட்டித் தருவதைத் திருச்சபை ஏற்பது கடினம், அவ்வரசை விலக்கி வெளியார் கட்டுவதை உள்ளூர் பொறுப்பேற்பாகக் கருத முடியாது. 2005இல் ஐரோப்பிய மன்றத்தின் தலைமையில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு சீரமைப்பு ஆணையம் அமைந்தது. செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்தும் கொசோவோ தலைநகர் பிரிஷ்தினாவிலிருந்தும் வந்த வல்லுநர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தனர். 34 இடங்கள் அதன் பொறுப்பில் வந்தன. அன்றைய கொசோவோவில் இப்படி ஒரு மேசை போடப்பட்டதே பெரிய செயல் என்று நான் கருதுகிறேன். இந்த நிகழ்வில் பாராட்டத்தக்க ஒரு முடிவைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் திருச்சபைக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. சேதம் செய்தோர் தண்டிக்கப்படாமல் சுவரை மட்டும் வெள்ளையடிப்பது குற்றத்தை மறைப்பதாகும் என்ற எதிர்ப்பு அங்கிருந்து எழுந்தது. வேலை முடிந்த சில இடங்களை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்தும் நீண்ட காலம் தாமதமானது. இந்த எதிர்ப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வீட்டை எரித்தவர் யாரென்று கேட்காமல் கூரையை மட்டும் போட்டுத் தருகிறோம் என்றால் வீட்டுக்காரர் தயங்குவது இயல்பு.

இரண்டாவது முடிவு, ஓவியங்களைக் கட்டட வேலையிலிருந்து பிரித்தது. கூரை, கதவு, தரை போன்றவற்றை ஒப்பந்த வேலையாகக் கொடுக்கலாம், ஓவியத்தைக் கொடுக்க முடியாது. 2005 மே மாதம் பாரிஸில் யுனெஸ்கோ நன்கொடையாளர் மாநாட்டைக் கூட்டியது. அதிலும் அதற்குப் பின்னும் பல நாடுகள் அளித்த நிதியைக் கொண்டு, ஓவியப் பாதுகாப்பு தனிப் பணியாகப் பல கட்டங்களாக நடந்தது. தீயில் வெந்த ஓவியத்தை ஒரே ஆண்டில் முடிப்பது நல்லதல்ல. பொள்ளலை ஒட்டவைத்து, உப்புகள் வெளிவரக் காத்திருந்து, சிறு சிறு பகுதிகளாகத் துடைக்க வேண்டும். இந்தப் பிரிவு சரியானது.

மூன்றாவது முடிவு 2006இல் வந்தது. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட தெச்சானி மடாலயத்தோடு பேச் பீடாதிபதி இல்லம், கிராச்சனித்சா, லியெவிஷ்கா மாதா கோயில் ஆகிய மூன்றும் சேர்க்கப்பட்டன. அதே கூட்டத்தில் இந்த நான்கும் ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலிலும் வைக்கப்பட்டன. சட்டநிலை தெளிவில்லாததும் பாதுகாப்பு உறுதியில்லாததும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானவை.

நான்காவது முடிவு காவல். கோயிலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் போடப்பட்டது, படையினரும் பின்னர் காவல்துறையினரும் நிறுத்தப்பட்டனர். 2010இலிருந்து கேஃபோர் தன் காவலிடங்களை ஒவ்வொன்றாகக் கொசோவோ காவல்துறையிடம் ஒப்படைத்தது. அன்றைய சூழலில் இதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் தற்காலிகம் என்று தொடங்கிய கம்பி ஆண்டுக்கணக்கில் நின்றது.

பின்னர் நடந்தவை

மாதா கோயிலின் குவிமாடங்களை மூடியிருந்த ஈயத் தகடுகள், தீக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒருமுறைக்கு மேல் திருடப்பட்டன. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். ஈயம் பழைய இரும்புக்கடையில் எடைபோட்டு விற்கும் பொருள், அதில் பகையோ அரசியலோ இருக்க வேண்டியதில்லை. ஆனால் தகடு போன இடத்தில் மழை இறங்குகிறது. வளைவுக்குள் ஊறிய நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஓவியத்தின் பின்னால் காய்ந்து படிகமாகி, வண்ணத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளுகிறது. பெரும் செலவில் ஒட்டவைத்த காரை மீண்டும் பொள்ளலாகிறது. தீயைப் பற்றி உலகம் பேசியது, ஒழுகலைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வெளியே கம்பி இருக்கும்போது இது எப்படி நடந்தது என்ற கேள்விக்கு விடை எளியது. கம்பி கூட்டத்தைத் தடுக்கும், இரவில் கூரையேறும் ஒருவரைத் தடுக்காது. அதைத் தடுப்பது அந்த வளாகத்திலேயே தூங்கி எழும் ஒருவரின் காது. கோயில் நீண்ட காலம் பூட்டியே இருந்தது. பார்க்க வந்தவர் காவலரிடம் சொல்லித் திறக்கச் செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 28 அன்று மாதாவின் துயில்வுத் திருநாளுக்கு, ஊரை விட்டுப் போன குடும்பங்கள் வெளியூர்களிலிருந்து வந்து வழிபட்டுச் சென்றன. அன்று மாலையே கோயில் மீண்டும் தனித்துவிடும்.

வானதூதர் மடாலயத்தில் நடந்தது வேறு. அங்கே காக்கப் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இல்லை. ஆனால் கலவரத்துக்குப் பின் துறவிகள் திரும்பி வந்தனர், எரிந்த இல்லங்கள் மீண்டும் கட்டப்பட்டன, அடித்தளச் சுவர்களுக்கு நடுவே திறந்த வானத்தின் கீழ் வழிபாடு தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வல்லுநர் எழுதும் அறிக்கையைவிட, காலையில் முற்றம் பெருக்கும் துறவி எந்தக் கல் நகர்ந்திருக்கிறது என்பதை முன்பே அறிவார்.

குருமடம் 2011இல் மீண்டும் திறக்கப்பட்டு, சில மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. நகர மையத்தைக் காக்கும் தனிச் சட்டம் 2012இல் கொசோவோ சட்டமன்றத்தில் நிறைவேறியது. மாதா கோயில் பிற்காலத்தில் பார்வையாளர்களுக்கு இன்னும் எளிதாகத் திறக்கப்பட்டது. தூய ஜார்ஜ் பேராலயத்தில் மணி மீண்டும் ஒலித்தது. இவை எல்லாம் நல்ல மாற்றங்களே. ஆனால் பொத்கல்யாயாவுக்குப் பழைய குடும்பங்கள் பெரும்பாலும் திரும்பவில்லை.

மாற்றிச் செய்யத்தக்கவை

இதே நிலை இன்னோர் ஊரில் வந்தால், முதல் நாளிலேயே குடியிருப்பையும் கோயிலையும் ஒரே திட்டமாக எடுக்க வேண்டும் என்பது இந்த ஆய்வின் முதன்மையான முடிவு. பிரிஸ்ரெனில் வீடுகளுக்கு ஒரு நிதி, கோயில்களுக்கு ஒரு ஆணையம், ஓவியங்களுக்கு ஒரு நன்கொடையாளர் குழு என்று பிரிந்தன. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்தது. திரும்பிவர விரும்பிய ஒரு முதியவருக்கு வீட்டின் சாவியும் கோயிலின் சாவியும் ஒன்றாகக் கிடைக்கும் வழியை யாரும் அமைக்கவில்லை. ஓவியப் பாதுகாப்புக்குச் செலவானதில் ஒரு சிறு பங்கு, கோயிலை ஒட்டிய ஓர் எளிய இல்லத்துக்கும் அதில் தங்கும் இருவரின் வாழ்க்கைச் செலவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால், ஈயம் போன மறுநாளே கூரை மூடப்பட்டிருக்கும். அங்கே தங்குவோர் அஞ்சியிருப்பார்கள் என்ற எதிர்வாதம் வலுவானது. அதனால்தான் நிறுத்தப்பட்ட காவலர்களின் முதல் பணி சுவரைக் காப்பதாக இல்லாமல், தங்குபவரைக் காப்பதாக இருந்திருக்க வேண்டும்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய முறைப்படி ஈயம் போடுவதே மரபுக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆளில்லாத கட்டடத்தில், நிலைமை சீராகும்வரை விற்க முடியாத ஒரு மாற்றுப் பொருளால் மூடுவதை மரபுக்கு எதிரானதாகக் கருதக்கூடாது. உள்ளே இருக்கும் 13ஆம் நூற்றாண்டு வண்ணத்துக்கு மேலே எந்த உலோகம் இருக்கிறது என்பது தெரியாது, மழை வருகிறதா என்பதே தெரியும்.

நகரத்தின் அல்பேனியக் குடும்பங்களை இதில் சேர்க்கும் முயற்சி மிகத் தாமதமாகவே தொடங்கியது. மாதா கோயிலின் சுவரில் பாரசீக வரி எழுதியவரும் இந்நகரத்தின் வரலாற்றைச் சேர்ந்தவரே. அந்தச் சுவரின் முன் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்ல, அல்பேனியமும் செர்பியமும் அறிந்த ஓர் ஆசிரியரே போதும். அதற்கு நன்கொடையாளர் மாநாடு தேவையில்லை.

கடைசியாக, ஓவியத்தைத் துடைக்கும்போது உள்ளங்கை அளவுள்ள ஓரிடத்தைத் துடைக்காமல் சான்றாக விடும் வழக்கம் ஓவியப் பாதுகாவலரிடையே உண்டு. மாதா கோயிலில் அதற்கான இடத்தை, கொத்துக்குழிகளும் தீக்கரியும் ஒரே சதுரத்தில் தெரியும்படி, கீழ்வரிசையில் கண்மட்டத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே இருட்டில் விட்டால் அது யார் கண்ணிலும் படாது.